வேடியப்பன் கையில் ஏன் வில்?

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் செங்கத்தைத் தாண்டினால் இரு பக்கமும் கரடும் மானாவாரி நிலமும்தான். அந்த வழியில் ஒரு முறை என் பைக் பஞ்சராகிவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தவன், மூச்சு வாங்க ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு சூலம், முன்னால் கால் உடைந்த ஒரு மண்குதிரை, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஓர் அகல்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். “செருப்ப அங்கயே வுட்டுட்டுப் போ தம்பி.”

விட்டுவிட்டுக் கிட்டே போனேன். “இது என்ன சாமிங்க ஆயா?”

“வேடியப்பன்.”

“கையில என்ன வச்சிருக்காரு?”

“வில்லுதான். வேடனாச்சே, வில்லு இல்லாம இருப்பானா?”

நியாயமான பதில். இடது கையில் வில் இருந்தது, வலது கையில் குட்டையான ஒரு வாள். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடுப்பில் கச்சை. பாய்வதற்குத் தயாராக ஒரு கால் மடங்கியிருந்தது. எல்லாம் வேடனுக்குப் பொருந்துகிறதே என்று திரும்பப் போனவனை நெஞ்சுக்குக் குறுக்கே சாய்வாக ஓடிய ஒரு கோடு நிறுத்தியது. தொடையிலும் அதே மாதிரி ஒன்று. மஞ்சள் அப்பியிருந்ததால் முதலில் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அம்பு என்று தெரிந்தது. அவர் எய்த அம்பு இல்லை. அவர்மேல் வந்து தைத்த அம்பு.

சாமியை யார் எய்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகளில் நிற்கும் பல கற்கள் வாய் திறக்கும். அதற்குக் கல்வெட்டு அறிஞராக இருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு அடையாளங்கள் தெரிந்தால் போதும். சிற்பத்தின் கையில், காலடியில், தலைக்குமேல் இருப்பதை வைத்து அது யார், என்ன கதை என்று கண்டுபிடிப்பதைப் படிமவியல் என்பார்கள். பெயர்தான் பெரியது. மயில் இருந்தால் முருகன், எலி இருந்தால் பிள்ளையார் என்று சின்ன வயதிலேயே நாம் செய்த வேலைதான் அது.

அந்த வேப்பமரத்தடிக் கல் ஒரு நடுகல். சண்டையில் செத்துப்போன ஒருவனுக்காக ஊரார் நட்டது. செங்கம், தண்டராம்பட்டு, அரூர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று அந்த வட்டாரம் முழுக்க இப்படிக் கற்கள் நிற்கின்றன. வேடியப்பன் என்ற பெயரில் அங்கே கும்பிடப்படுகிறவற்றில் கணிசமானவை நடுகற்களே. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் செங்கம் பகுதியில் இறங்கித் தேடியபோது பல்லவர் காலத்து நடுகற்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. அவற்றின் எழுத்து வட்டெழுத்து. இன்றைக்கு நாம் படிக்கும் தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் உருண்டையாக, ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் எழுத்து இருந்தாலும் ஊரில் யாராலும் படிக்க முடியவில்லை. படிக்க முடியாமல் போனது நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஏன் இந்தப் பகுதியில் இவ்வளவு? ஆறு பாயாத மேட்டு நிலம். நெல்லைவிட மாடும் எருமையும்தான் அங்கே சொத்து. சொத்து நடமாடக்கூடியதாக இருந்தால் அதை ஓட்டிக்கொண்டு போகவும் ஆள் வரும். பக்கத்து ஊரார் இரவோடு இரவாக மந்தையை ஓட்டிப் போவார்கள், இவர்கள் விரட்டிப் போவார்கள், வழியில் சண்டை. மந்தைக்குக் கல்வெட்டுகளில் ‘தொறு’ என்று பெயர். தொறுவைக் கவர்ந்தபோது செத்தவனுக்கும் கல் உண்டு, தொறுவை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. நம் பள்ளிக்கூடத்தில் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று பூப் பெயர்களை மனப்பாடம் செய்தோமே, அதன் நிஜம் இதுதான். அந்த வயதில் யாராவது எங்களை வண்டியில் ஏற்றிச் செங்கம் பக்கம் கூட்டிப்போய் ஒரு கல்லைக் காட்டியிருந்தால் புறத்திணை அத்தனை கசந்திருக்காது.

இப்போது கல்லைப் படிக்கலாம். கையிலிருந்து தொடங்குங்கள். வில்லும் வாளும் இருந்து எதிரில் விலங்கு எதுவும் இல்லையென்றால் மாட்டுச் சண்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் காலடியைப் பாருங்கள். ஒரு மாடோ இரண்டு மாடோ சின்னதாகச் செதுக்கியிருப்பார்கள். எதிரில் விலங்கு இருந்தால் அதுவே கதை. புலியின் வாயிலோ வயிற்றிலோ ஆயுதம் இறங்கியிருந்தால் அது புலிகுத்திக் கல். கொங்குப் பகுதியிலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் அதிகம். பன்றியோடு போராடிச் செத்தவர்களுக்கும் உண்டு. விளைச்சலைத் தின்ன வந்த காட்டுப் பன்றியை எதிர்த்துச் செத்தவனும் ஊருக்கு வீரன்தான். இந்த விஷயத்தில் நம் ஆட்கள் போரை மட்டுமே வீரம் என்று கருதியதில்லை.

அடுத்து உடம்பு. அம்பு தைத்திருக்கிறதா? தைத்திருந்தால் எங்கே? மார்பிலும் தொடையிலும்தான் தைத்திருக்கும். முதுகில் காட்டுவது வழக்கமில்லை. முதுகில் காயம் படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று சங்கப் பாட்டுகள் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு மூலை: வீரனின் காலுக்குப் பக்கம். செங்கம் கற்கள் பலவற்றில் அங்கே மூக்கு வைத்த கெண்டி ஒன்றும் சிமிழ் போன்ற ஒன்றும் இருக்கும். எனக்கு நடுகல்லில் மிகவும் பிடித்த இடம் இது. சண்டையின் உச்சத்தில் கால் மடக்கிப் பாய்கிற ஒருவன் பக்கத்தில் எதற்குக் கெண்டி? சண்டைக் களத்தில் அது இருந்திருக்காது. செத்த பிறகு அவனுக்குப் படைக்கிற கள்ளையோ நீரையோ குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. ஒரே கல்லில் இரண்டு நேரங்கள்: மேலே அவன் சாகும் கணம், கீழே நாம் அவனை நினைக்கும் கணம்.

இந்தப் படையலுக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர், அதியமானின் ஊர். அதியமான் செத்த பிறகு ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவனுடைய நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டைக் கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் கேட்கிறார். நண்பன் போன துக்கத்தில் கேட்ட கேள்வி. அதே தகடூர் வட்டாரத்துக் கற்களின் காலடியில் கெண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்னக் கலம் ஞாபகம் வரும்.

கடைசியில் தலைக்குமேல். மேலே சூரியனும் பிறையும் இருந்தால் “சந்திர சூரியர் உள்ளவரை இந்த நினைவு நிற்கட்டும்” என்று பொருள். கல் இரண்டு மூன்று அடுக்காகப் பிரிந்திருந்தால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழடுக்கில் சண்டை, நடுவில் வானுலகப் பெண்கள் இரண்டு பக்கமும் கைகொடுத்து அவனைத் தூக்கிப் போகிறார்கள், மேலடுக்கில் சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கர்நாடகத்தில் இந்த மாதிரி ஏராளம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் பார்க்கலாம். முதலில் பார்க்கும்போது “ரெண்டு பொண்டாட்டிக்காரச் சாமி” என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நாயின் பெயர்

தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதாவது மகேந்திரவாடியிலும் மண்டகப்பட்டிலும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த அதே அரசன். கல்லில் வில்லும் வாளுமாக ஒருவன். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. தன் எருமைகளுக்காகப் போராடிச் செத்தவன் என்று எழுத்து சொல்கிறது. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது.

நாய் சும்மா அழகுக்கு நிற்கவில்லை. அதற்கும் தனியாக வாசகம் உண்டு. கோவிவன் என்னும் நாய், கள்ளர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காத்து நின்றதாம். அவ்வளவுதான் செய்தி. எஜமான் விழுந்துவிட்டான். நாய் ஓடவில்லை. ஊரார் அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள், கல் செதுக்கும் தச்சனிடம் நாயையும் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டால் மட்டும் போதாது, பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 வருஷத்துக்கு முந்தைய நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்து மனிதர்களில் எத்தனை பேர் பெயர் தெரியும்?

எடுத்தனூர்க் கல்லைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, காலபைரவர் என்று சொல்லி யாராவது ஒரு சாலையோரக் கல்லைக் காட்டினால் நாயைப் பார்த்துக் கும்பிடுவதோடு நிறுத்த முடிவதில்லை. நாய் எந்தப் பக்கம் நிற்கிறது, மனிதன் உடம்பில் அம்பு இருக்கிறதா என்று கண் தானாகத் தேடுகிறது.

இந்தக் கல்வெட்டுகளுக்கு ஒரு பொது வடிவம் இருக்கிறது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து உள்ளூர்த் தலைவன், அவனுடைய ஆள் இன்னான், இன்ன ஊர்த் தொறுவை மீட்கும்போது ‘பட்டான்’, கடைசியில் ‘கல்’. பட்டான் என்றால் செத்தான். அரசன் பெயர் வருவது ஆண்டுக் கணக்குக்காகத்தான். கல் அவனுக்கானது அல்ல, மாடு மேய்த்தவனுக்கு. கோயில் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தவன், பொன் கொடுத்தவன் பெயர்தான் வரும். கொடுக்க உயிரைத் தவிர ஒன்றும் இல்லாதவனின் பெயர் வருவது நடுகல்லில்.

இதைவிடப் பழையவையும் உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களில் தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது, கி.மு. காலத்தவை என்று கணிக்கிறார்கள். அதில் ஒரு கல்லில் கூடல் ஊர் ‘ஆகோள்’ என்று வருகிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். தொல்காப்பியம் வெட்சியைப் பேசும்போது பயன்படுத்தும் அதே சொல், ஓர் ஊர்க்காரனின் கல்லில்.

வழியில் ஏன் நட்டார்கள்?

ஊருக்கு நடுவில் நடாமல் வழியோரத்தில், ஏரிக்கரையில், ஊர் எல்லையில் ஏன் என்று கேட்கலாம். ஒரு காரணம் சாதாரணமானது. அவன் விழுந்த இடம் அது. மந்தையை ஓட்டிப் போகிறவனை எல்லையில்தான் மறிக்க முடியும். இன்னொரு காரணத்தை அகநானூறு சொல்கிறது: பெயரும் பீடும் எழுதி ‘அதர்தொறும்’ பீலி சூட்டிய நடுகல். அதர் என்றால் வழி. வழிதோறும். போகிறவர் வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்றே நட்டிருக்கிறார்கள். நம் சொந்தக்காரருக்கு ஊர் நுழைவாயிலில் பிளெக்ஸ் வைக்கிறோமே, அதே மனசுதான். மழைக்குக் கிழியாது என்பதுதான் வித்தியாசம்.

அதே அகநானூற்றில் எனக்கு வியப்பான இன்னொரு காட்சி. வழிப்போக்கர்கள் அம்பு தீட்டித் தீட்டி நடுகல் ஒன்று இடை மெலிந்துபோயிருக்கிறது. எழுதிய பெயரும் மங்கிவிட்டது. அதாவது, கல்லை மறப்பதும் எழுத்தைப் படிக்க முடியாமல் போவதும் நம் தலைமுறையின் குற்றம் இல்லை. சங்க காலத்திலேயே பழைய கற்கள் இருந்திருக்கின்றன, அவற்றை அலட்சியமாகத் தாண்டிப் போனவர்களும் இருந்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

கல் எப்படிச் சாமியானது?

இங்கேதான் புதிதாகப் படிக்கிறவர்கள் ஒரு தவறு செய்வார்கள். நானும் செய்தேன். “இது சாமி இல்லீங்க, செத்துப்போன மனுஷன்” என்று ஊராருக்குப் பாடம் எடுக்கத் தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். அது மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம். விஷயமாகவே அது தப்பு.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு கட்டம் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது காட்சி. அதை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். அதன்பின் பெரும்படை, அதாவது பெரிய படையல். கடைசியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்த கதைக்கு இந்தச் சடங்கின் படிகள்தான் தலைப்பு. புருஷனைப் பறிகொடுத்த ஒரு வணிகர் வீட்டுப் பெண் தெய்வமானதும் எருமை மேய்த்தவன் தெய்வமானதும் ஒரே படிக்கட்டில்.

ஆக, நட்ட அன்றைக்கே அது கும்பிடுவதற்காக நட்ட கல். சாமியாக்கியது பின்னால் வந்தவர்களின் அறியாமை இல்லை. புறநானூற்றில் மாங்குடி கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பகைவர் முன் நின்று யானையை வீழ்த்திச் செத்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவிக் கும்பிட வேறு கடவுளே எங்களுக்கு இல்லை என்கிறார். செங்கத்து ஆயா வேடியப்பனுக்கு எண்ணெய் ஊற்றுவது ஆறாவது கட்டம் இன்னும் முடியாததன் அடையாளம். பெயர் போய்விட்டது, மாடு, எருமை, எதிரி ஊர் எல்லாம் போய்விட்டன. மரியாதை மட்டும் போகவில்லை. எழுத்தைப் படிக்க முடியாமல் போனதை முன்பு கேட்டேன் அல்லவா? படிக்க முடிந்திருந்தால் “யாரோ இன்னாரின் ஆள்” என்று ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ. படிக்க முடியாததால் அவர் எல்லாருக்கும் அப்பன் ஆனார். அந்த வட்டாரத்தில் வேடியப்பன், வேடி என்று பெயர் வைத்த ஆண்கள் எத்தனை பேர் என்று பேருந்தில் பத்து நிமிஷம் காதைத் தீட்டினால் தெரியும்.

பெயர் மாறியது எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு கோயில். உள்ளே இருப்பவர் தாமரைப் பீடத்தில் சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்திருக்கிறார். சுருள் சுருளான முடி. முனியப்பன் என்றால் உருட்டிய விழியும் மீசையும் அரிவாளும்தானே? வழக்கு நீதிமன்றம் போனது. தொல்லியல் துறையைப் பார்வையிடச் சொன்னார்கள். தலை தனியாகத் துண்டிக்கப்பட்டு மறுபடி சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலை என்று தீர்ப்பளித்தது. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது ஊர் வைத்த பெயர். யார் சிலை என்பது மறந்துவிட்டது, ஆனால் அதற்கு நேர்ந்த கொடுமை மறக்கவில்லை. “தலைவெட்டி” என்று பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புத்தரையும் சமணத் தீர்த்தங்கரரையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுருக்கு வழி: உடம்பில் துணியின் மடிப்பு இடது தோளிலிருந்து இறங்கினால் புத்தர், துணியே இல்லாமல், தலைக்குமேல் மூன்று குடை இருந்தால் தீர்த்தங்கரர்.

மூதேவியும் மானும்

வயல்வெளியில், ஏரிக் கலிங்கு ஓரத்தில், சில சமயம் குப்புறக் கிடக்கும் இன்னொரு சிற்பத்தையும் சொல்லியாக வேண்டும். பருத்த வயிறு, சரிந்த மார்பு, காலைத் தொங்கவிட்டு அகலமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு ஓர் ஆண், இன்னொரு பக்கம் ஓர் இளம்பெண். மேலே காக்கைக் கொடி. அருகில் துடைப்பம், சிலவற்றில் கழுதையும். இவர்தான் தவ்வை, சேட்டை என்றும் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பது மகன் மாந்தன், மகள் மாந்தி.

தவ்வை என்றால் அக்கா. யாருக்கு அக்கா? திருமகளுக்கு. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் கைகாட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று வள்ளுவர் சொல்கிறார். அதே மூத்த தேவிதான் நம் வீடுகளில் ‘மூதேவி’ என்ற வசவாகிவிட்டார். ஆனால் பல்லவர், முற்காலச் சோழர் காலத்தில் இவருக்குச் சிவன் கோயிலின் பரிவார தெய்வங்களுள் இடம் இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இவர் இருக்கிறார், திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் இருக்கிறார். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களில் இருந்த ‘சேட்டையார்’ கோயில்களுக்கு வரியில்லா நிலம் இருந்ததைக் குறிக்கின்றன. காலையில் எழுந்திருக்காத பிள்ளையைத் திட்டும்போது நாம் ஒரு காலத்துக் கோயில் தெய்வத்தின் பெயரைத்தான் சொல்கிறோம் என்பது எனக்குத் தெரிய முப்பது வயதானது.

இவ்வளவு நீட்டியதால் கொற்றவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் பக்கத்து வயல்களில் ‘காளியம்மன்’, ‘துர்க்கை’ என்று கும்பிடும் பலகைக் கற்களில் எருமைத் தலைமேல் நிற்கும் பெண்ணின் பக்கத்தில் மான் இருக்கிறதா என்று பாருங்கள். மான் தமிழ்க் கொற்றவையின் அடையாளம். சிலப்பதிகாரம் அவளைப் பாய்கலைப் பாவை என்கிறது. கலை என்றால் ஆண்மான். காலடியில் ஒருவன் தன் குடுமியைத் தானே பிடித்துக்கொண்டு கழுத்தில் கத்தி வைத்திருந்தால், அது நவகண்டம், தன்னைத்தானே பலி கொடுப்பது. குழந்தையோடு போனால் அந்த இடத்தைக் காட்ட வேண்டாம்.

போகும்போது

வெயில் உச்சியில் இருக்கும்போது புடைப்புச் சிற்பம் எதுவும் தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்னோ மாலை நாலரைக்குப் பின்னோ, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போங்கள். அம்பும் எழுத்தும் எழுந்து நிற்கும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் தேய்க்காதீர்கள். மஞ்சளைச் சுரண்டாதீர்கள். அது ஊராரின் பூசை, நம் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் அல்ல. முதலில் பெயரைக் கேளுங்கள், என்ன கதை என்று கேளுங்கள், அப்புறம் கல்லைப் பாருங்கள். கதையும் கல்லும் ஒத்துப்போகாத இடம்தான் பெரும்பாலும் சுவையான இடம். புதிதாக எழுத்துள்ள கல்லைக் கண்டால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ சொல்லிவிடலாம். அவர்கள் ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதல் பாடத்துக்கு அங்கே போவது எளிது. ஆனால் எண்ணெய் வாசனை இருக்காது.

அன்றைக்குப் பஞ்சர் கடை இன்னும் மூன்று கிலோமீட்டர் என்றார் ஆயா. கிளம்புவதற்கு முன் கல்லின் மேல்பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். மஞ்சளுக்கு அடியில் வரிவரியாக ஏதோ மேடு பள்ளம் தெரிந்தது.

“எழுத்தா ஆயா இது?”

“கோடு மாதிரி ஏதோ கீது. இப்பத் தெரியாது. மாட்டுப் பொங்கலுக்குத்தான் தண்ணி ஊத்திக் கழுவுவோம். மாட்ட ஓட்டியாந்து இவரச் சுத்திட்டுப் போவோம். அப்ப வா, நல்லாத் தெரியும்.”